நாலு புளியங்கொட்டையை எத்தனை விதமாகப் பிரிக்கலாம்?

நாலு புளியங்கொட்டையை எடுத்துத் தரையில் வையுங்கள். அதைக் குவியல் குவியலாகப் பிரிக்க வேண்டும். எத்தனை விதமாகப் பிரிக்கலாம்?

நாலும் ஒரே குவியல். மூன்று ஒரு பக்கம், ஒன்று ஒரு பக்கம். இரண்டிரண்டாக. இரண்டு, ஒன்று, ஒன்று. நாலும் தனித்தனியாக. அவ்வளவுதான், ஐந்து விதம்.

எந்தக் குவியல் இடது பக்கம், எது வலது பக்கம் என்பது கணக்கில்லை. 3 + 1, 1 + 3 இரண்டும் ஒன்றுதான். இப்படி ஓர் எண்ணைச் சிறு எண்களின் கூட்டலாகப் பிரிப்பதற்குக் கணிதத்தில் பிரிவினை என்று பெயர். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் பாகப்பிரிவினையும் பத்திரப்பதிவு அலுவலகமும்தான் ஞாபகம் வரும். இந்தப் பிரிவினையில் சண்டை இல்லை, ஆனால் சிக்கல் அதைவிட அதிகம். ஆய்லரில் தொடங்கி ராமானுஜன் வழியாக இன்றுவரை பெரிய பெரிய தலைகளையெல்லாம் சுற்றவைத்திருக்கிறது.

ராமானுஜன் என்றதும் எல்லோரும் 1729, டாக்ஸி, ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்துவிடுவார்கள். அது நல்ல கதைதான். ஆனால் அவர் செய்த வேலையின் ருசி ஒரு துளியாவது தெரியவேண்டுமென்றால், என் கணக்கில் இந்தப் புளியங்கொட்டைதான் சரியான வாசல்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். வரிசையையும் கணக்கில் எடுத்தால், அதாவது 3 + 1 வேறு, 1 + 3 வேறு என்று வைத்துக்கொண்டால், கேள்வி சுலபமாகிவிடும். நாலு கொட்டையை ஒரே வரிசையில் வையுங்கள். நடுவில் மூன்று இடைவெளி. ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு குச்சி வைக்கலாம், வைக்காமலும் விடலாம். ஆக 2 × 2 × 2 = 8 விதம். பத்துக் கொட்டை என்றால் ஒன்பது இடைவெளி, 512 விதம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ‘வரிசை முக்கியமில்லை’ என்று ஒரே ஒரு சலுகை கொடுத்தோம் பாருங்கள், அங்கேதான் வினை ஆரம்பிக்கிறது.

ஒவ்வோர் எண்ணாக எண்ணிப் பார்ப்போம். 1-க்கு ஒரு விதம். 2-க்கு 2. 3-க்கு 3. 4-க்கு 5. 5-க்கு 7. 6-க்கு 11.

2, 3, 5, 7, 11! என் அக்கா மகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் துள்ளிக் குதித்தாள். “மாமா, எல்லாம் பகா எண்! அடுத்தது 13!” நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். 7-ஐப் பிரித்து எண்ணினால் 15 வரும். 15 பகா எண் அல்ல. பள்ளத்தில் விழ வைப்பதற்கென்றே போட்ட கோலம் மாதிரி இருக்கிறது.

அப்புறம் 22, 30, 42. இந்த 42, அதாவது 10-இன் பிரிவினைகள், கையால் எழுதிப் பார்க்க வேண்டிய ஒன்று. நான் முதல் தடவை எழுதியபோது 41-தான் வந்தது. அரை மணி நேரம் தேடிய பிறகுதான் 4 + 3 + 3 விட்டுப்போனது தெரிந்தது. 20-க்கு 627. 50-க்கு 2,04,226. 100-க்கு 19,05,69,292, அதாவது 19 கோடிக்கும் மேலே. நூறு புளியங்கொட்டைக்கு இத்தனை கோடி விதமா என்று கேட்டால், ஆமாம்.

சரி, எழுதி எழுதி எண்ணாமலே விடை சொல்ல வழி உண்டா?

இங்கே வருகிறார் லியோனார்ட் ஆய்லர். 1740-இல் பெர்லினிலிருந்த நோடே என்ற கணிதக்காரர், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஆய்லருக்குக் கடிதம் எழுதி ஒரு கேள்வி கேட்டார்: 50-ஐ ஏழு வெவ்வேறு எண்களின் கூட்டலாக எத்தனை விதமாக எழுதலாம்? ஆய்லர் கொட்டையை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. பிரிக்கிற வேலையைப் பெருக்கல் வேலையாக மாற்றினார். அடுக்குகளைப் பெருக்கும்போது மேலே உள்ள எண்கள் கூடும் என்று பள்ளியில் படித்திருப்போம்: பத்தின் அடுக்கு 2-ஐயும் பத்தின் அடுக்கு 3-ஐயும் பெருக்கினால் பத்தின் அடுக்கு 5. பெருக்கினால் கூடும் என்ற இந்தக் குணத்தையே அவர் பிடித்துக்கொண்டார். நீளமான சில கோவைகளைப் பெருக்கிவிட்டால், எத்தனை விதம் என்ற கணக்கு விடையில் கெழுவாக, அதாவது ஒவ்வோர் அடுக்குக்கும் முன்னால் நிற்கிற எண்ணாக, தானே வந்து உட்கார்ந்துவிடும். நோடே கேட்டதற்கு விடை 522.

இந்த வழியில் போன ஆய்லருக்கு ஓர் அதிசயம் கிடைத்தது. எந்த எண்ணை வேண்டுமானாலும் எடுங்கள். ஒரு குவியல்போல் இன்னொன்று இல்லாமல், எல்லாக் குவியலும் வெவ்வேறு அளவில் இருக்கிற பிரிவினைகளை எண்ணுங்கள். பிறகு, எல்லாக் குவியலும் ஒற்றைப்படையாக இருக்கிற பிரிவினைகளை எண்ணுங்கள். இரண்டும் எப்போதும் சமம்.

6-ஐ எடுப்போம். வெவ்வேறு அளவு: 6, 5 + 1, 4 + 2, 3 + 2 + 1. நாலு. ஒற்றைப்படை மட்டும்: 5 + 1, 3 + 3, 3 + 1 + 1 + 1, பிறகு ஆறு 1-கள். இதுவும் நாலு. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன சம்பந்தம்?

ஆய்லர் இதைப் பெருக்கல் வழியில் நிரூபித்தார். எனக்குப் பிடித்தது 19-ஆம் நூற்றாண்டில் கிளெய்ஷர் சொன்ன வழி, ஏனென்றால் அதைக் கையாலேயே செய்து பார்க்கலாம். வெவ்வேறு அளவுக் குவியல்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைப்படைக் குவியல் எது கண்ணில் பட்டாலும் சரிபாதியாக உடையுங்கள். மறுபடி இரட்டைப்படை இருந்தால் மறுபடி பாதி. 6 உடைந்து 3 + 3 ஆகிறது. 5 + 1-இல் உடைக்க ஒன்றுமில்லை. 4 + 2-இல் 4 உடைந்து 2 + 2, அவையும் உடைந்து எல்லாம் 1-ஆகி, ஆறு 1-கள். 3 + 2 + 1-இல் 2 உடைந்து 3 + 1 + 1 + 1. பார்த்தீர்களா, அந்தப் பக்கத்து நாலும் வந்துவிட்டன. திரும்பி வரவும் வழி உண்டு: ஒரே அளவில் இரண்டு குவியல் இருந்தால் ஒன்றாகச் சேருங்கள், சோடி எதுவும் மிச்சமில்லாத வரை. ஆறு 1-கள் மூன்று 2-களாகும், அதில் இரண்டு சேர்ந்து 4, ஆக 4 + 2. ஒவ்வொருவருக்கும் ஒரு சோடி, யாரும் தனியாக நிற்பதில்லை. எண்ணாமலே சமம் என்று தெரிந்துவிட்டது.

ஆய்லர் தந்த இன்னொரு கருவி இன்னும் பயனுள்ளது. ஓர் எண்ணின் பிரிவினை எண்ணிக்கை வேண்டுமா? அதற்கு முந்தைய எண்களின் விடைகளிலிருந்தே எடுக்கலாம். பின்னோக்கி 1, 2, 5, 7, 12, 15, 22, 26 என்று படி இறங்க வேண்டும். முதல் இரண்டைக் கூட்டு, அடுத்த இரண்டைக் கழி, அடுத்த இரண்டைக் கூட்டு, இப்படியே. இந்தப் படிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். இடைவெளிகளைப் பாருங்கள்: 1, 3, 2, 5, 3, 7, 4. ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் 1, 2, 3, 4. நடுவில் 3, 5, 7.

10-க்குச் செய்து பார்ப்போம். 9-இன் விடை 30, 8-இன் விடை 22. கூட்டினால் 52. ஐந்து படி இறங்கினால் 5, அதன் விடை 7. ஏழு படி இறங்கினால் 3, அதன் விடை 3. இரண்டையும் கழித்தால் 42. நான் அரை மணி நேரம் தேடிய அந்த ஒன்று இங்கே தானாக வந்துவிட்டது. இப்படித்தான் வரும் என்று ஆய்லர் முதலில் கண்டுகொண்டார், நிரூபணம் பல ஆண்டுகள் கழித்துத்தான் கைக்கு வந்தது.

ஒரு சின்ன விலகல். பிரிவினையைப் புள்ளி வைத்தும் வரையலாம். 4 + 2 + 1 என்றால் முதல் வரியில் நாலு புள்ளி, அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் ஒன்று. இப்போது அதையே மேலிருந்து கீழாக, பத்தி பத்தியாகப் படியுங்கள்: 3, 2, 1, 1. ஒரு பிரிவினை இன்னொன்றாகிவிட்டது. கோலத்தைத் திண்ணையிலிருந்து பார்க்கிறவரும் தெருவிலிருந்து பார்க்கிறவரும் வேறு வேறாகப் பார்ப்பதைப் போல. இந்த ஒரு திருப்பலை வைத்தே பல தேற்றங்களை நிரூபிக்கலாம். இங்கே அதற்கு இடமில்லை.

ஆய்லரின் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடாமல் ஏறியவர் மேஜர் பெர்சி மக்மஹோன். 1854-இல் மால்டாவில் பிறந்த ஆங்கிலேயப் பீரங்கிப் படை அதிகாரி. 1870-களில் மதராஸில்தான் பணியில் இருந்தார். பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பி முழுக் கணிதக்காரராக மாறிவிட்டார். கம்ப்யூட்டர், கால்குலேட்டர் எதுவும் இல்லாமல், 1-இலிருந்து 200 வரை எல்லா எண்களுக்கும் பிரிவினை எண்ணிக்கையைக் கணக்கிட்டுப் பட்டியல் போட்டார். 200-க்கு வந்த விடை 39,72,99,90,29,388. கிட்டத்தட்ட நாலு லட்சம் கோடி. நடுவில் ஓரிடத்தில் கூட்டல் பிசகினால் அதற்கப்புறம் வருவதெல்லாம் தப்பாகிவிடும். பிசகவில்லை.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு பெரிய காரியங்கள் நடந்தன. இரண்டிலும் இருந்தவர் ராமானுஜன்.

முதல் காரியத்தின் விதை ஒரு தவறு. 1913 ஜனவரி 16 அன்று, மதராஸ் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராக இருந்த ராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்த கணிதக்காரர் ஹார்டிக்கு அந்தப் புகழ்பெற்ற கடிதத்தை எழுதினார். அதில் இருந்த ஒரு கூற்று, ஒரு கோவையின் கெழுக்களை ஒரு சூத்திரத்தால் கணக்கிட்டு, அருகிலுள்ள முழு எண்ணை எடுத்தால் சரியான விடை கிடைக்கும் என்றது. அது தப்பு. சூத்திரம் நெருங்கி வருமே ஒழியச் சரியாக அந்த எண்ணில் போய் நிற்காது. ஆனால் ராமானுஜன் சொன்னவற்றிலேயே மிகவும் பலன் தந்தவற்றுள் இந்தத் தவறும் ஒன்று என்று ஹார்டியே பின்னால் எழுதினார். ‘அருகிலுள்ள முழு எண்’ என்ற அந்த ஆசை பிரிவினைகளில் பலித்தது.

ராமானுஜன் 1914-இல் கேம்பிரிட்ஜ் போனார். இருவரும் சேர்ந்து 1918-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு தோராயச் சூத்திரம் இருக்கிறது. வார்த்தையில் சொல்கிறேன். உங்கள் எண்ணை 2-ஆல் பெருக்கி 3-ஆல் வகுங்கள். வர்க்கமூலம் எடுங்கள். பையால், அதாவது 3.14159...-ஆல் பெருக்குங்கள். வந்ததை 2.71828... என்ற எண்ணுக்கு அடுக்காக வையுங்கள். கடைசியாக, உங்கள் எண்ணின் நாலு மடங்கை 3-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதனால் வகுத்துவிடுங்கள். 100-க்கு இதைச் செய்தால் சுமார் 19 கோடியே 93 லட்சம் வரும். உண்மையான விடை 19 கோடியே 6 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஐந்து சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம். கொட்டைகளைக் குவியலாக வைக்கிற வேலைக்கும் வட்டத்தின் சுற்றளவில் வருகிற பைக்கும் என்ன உறவு? முதலில் பார்க்கிற யாருக்கும் இது தூக்கிவாரிப்போடும். போட வேண்டும்.

அவர்கள் அதோடு விடவில்லை. தோராயத்தைத் திருத்த அடுத்தடுத்து உறுப்புகளைச் சேர்க்கும் முழுச் சூத்திரம் ஒன்றும் அதே கட்டுரையில் உண்டு. 100-க்கு ஆறு உறுப்புகளைக் கணக்கிட்டார்கள்:

19,05,68,944.783
+ 348.872
− 2.598
+ 0.685
+ 0.318
− 0.064

கூட்டிப் பாருங்கள்: 19,05,69,291.996. அருகிலுள்ள முழு எண் 19,05,69,292. மக்மஹோன் படி படியாக ஏறிச் சேர்ந்த அதே எண். 200-க்கு எட்டு உறுப்புகள் எடுத்தார்கள், 39,72,99,90,29,388.004 வந்தது. இதைச் சரிபார்க்கத்தான் மக்மஹோன் 200 வரை போனார். தசமப் புள்ளிக்குப் பின்னால் அந்த இரண்டு பூச்சியங்களைப் பார்த்தபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1937-இல் ராடமாக்கர் இதைக் கொஞ்சம் மாற்றி, தோராயமே இல்லாத சரியான சூத்திரமாக ஆக்கினார்.

இரண்டாவது காரியம் வேறு மாதிரி. சூத்திரத்தைச் சோதிக்கப் போட்ட அந்தப் பட்டியலை எல்லோரும் பார்த்தார்கள். ராமானுஜன் பார்த்த விதம் வேறு. நாமும் வரிக்கு ஐந்தாக எழுதிப் பார்ப்போம். சைபரிலிருந்து தொடங்குவோம், ஒன்றுமே இல்லாததைப் பிரிக்க ஒரே வழி, சும்மா இருப்பது, ஆக 1.

1, 1, 2, 3, 5
7, 11, 15, 22, 30
42, 56, 77, 101, 135
176, 231, 297, 385, 490
627, 792, 1002, 1255, 1575

கடைசிப் பத்தியை மேலிருந்து கீழாகப் படியுங்கள். 5, 30, 135, 490, 1575. எல்லாம் 5-ஆல் வகுபடும். மற்ற பத்திகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வருவது இங்கே மட்டும் தவறாமல் வருகிறது. அதாவது 4, 9, 14, 19, 24 என்று 4-இலோ 9-இலோ முடிகிற எந்த எண்ணை எடுத்தாலும் அதன் பிரிவினை எண்ணிக்கை 5-இன் மடங்கு. 7-க்கும் இப்படி ஒன்று உண்டு: 5-இல் தொடங்கி ஏழேழாகத் தாண்டினால் 7, 77, 490, 2436, எல்லாம் 7-இன் மடங்கு. 11-க்கும் உண்டு: 6-இல் தொடங்கிப் பதினொன்றாகத் தாண்டினால் 11, 297, 3718. ராமானுஜன் 5-க்கும் 7-க்கும் நிரூபணத்தை 1919-இல் வெளியிட்டார். 1920 ஏப்ரலில், 32 வயதில், சென்னையில் இறந்துபோனார். 11-க்கான நிரூபணம் அவருடைய காகிதங்களிலிருந்து எடுக்கப்பட்டு 1921-இல் வெளிவந்தது.

வேறு பகா எண்களுக்கு இவ்வளவு எளிய விதி இருப்பதாகத் தெரியவில்லை என்றும் அவர் எழுதிவைத்தார். அவர் சொன்னது சரிதான், அப்படி எளிய விதி வேறு எதற்கும் இல்லை என்பது 2003-இல் நிரூபணமானது. எளிமையில்லாதவை உண்டு. ஆட்கின் 13-க்கு ஒன்று கண்டுபிடித்தார்: 237-இல் தொடங்கி ஒவ்வொரு தடவையும் 17,303 தாண்ட வேண்டும். 5-க்கு மேற்பட்ட எல்லாப் பகா எண்ணுக்கும் இப்படி ஏதோ ஒரு தாண்டல் உண்டு என்று கென் ஓனோ 2000-இல் நிரூபித்தார்.

நிரூபணம் இருக்கட்டும், காரணம் என்ன? 4-இன் பிரிவினைகள் 5 என்றால், 9-இன் பிரிவினைகள் 30 என்றால், அந்த 30-ஐயும் ஐந்து சம பங்காகப் பிரித்துக் காட்ட இயற்கையான வழி இருக்க வேண்டாமா? இப்படிக் கேட்டவர் ஃப்ரீமன் டைசன். பின்னாளில் இயற்பியலில் பெரிய பெயர். 1944-இல், இருபது இருபத்தொரு வயதில், கேம்பிரிட்ஜ் மாணவர்களின் கணித இதழில் ஒரு யோசனை எழுதினார். ஒவ்வொரு பிரிவினைக்கும் ஒரு தரம் கொடுங்கள்: பெரிய குவியலின் அளவிலிருந்து குவியல்களின் எண்ணிக்கையைக் கழியுங்கள். அவ்வளவுதான்.

நம் நாலு கொட்டைக்கே செய்வோம். 4: பெரியது 4, குவியல் 1, தரம் 3. 3 + 1: தரம் 1. 2 + 2: தரம் 0. 2 + 1 + 1: தரம் −1. நாலு 1-கள்: தரம் −3. குறை எண்ணாக இருந்தால் 5-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். −1 என்பது 4, −3 என்பது 2. ஆக 3, 1, 0, 4, 2. ஐந்து பிரிவினைக்கும் ஐந்து வெவ்வேறு பெட்டி. 9-இன் 30 பிரிவினைகளுக்கும், 0 முதல் 4-க்குள் வரும்வரை 5-ஐக் கூட்டியோ கழித்தோ இப்படிச் செய்தால் பெட்டிக்கு ஆறு. 7-க்கும் இது வேலை செய்கிறது. டைசன் ஊகமாகச் சொன்ன இதை ஆட்கினும் ஸ்வின்னர்ட்டன்-டையரும் 1954-இல் நிரூபித்தார்கள்.

11-இல் மட்டும் மண்ணைக் கவ்வியது. 6-இன் பிரிவினைகளில் 4 + 1 + 1-க்கும் தரம் 1, 3 + 3-க்கும் தரம் 1. ஒரே பெட்டியில் இரண்டு. டைசன் அசரவில்லை. 11-ஐயும் சரியாகப் பிரித்துக்கொடுக்கிற வேறோர் அளவு கட்டாயம் இருக்கும் என்றார். அது என்னவென்று தெரியாமலே அதற்கு ‘கிராங்க்’ என்று பெயரும் வைத்துவிட்டார். வண்டியைச் சுற்றிக் கிளப்புகிற கைப்பிடிக்கும் கிறுக்குப் பிடித்த ஆளுக்கும் ஆங்கிலத்தில் அதுதான் சொல். பிள்ளை பிறப்பதற்கு முன்பே பெயர் சூட்டு விழா.

பிள்ளை பிறக்க நாற்பத்துச் சொச்சம் வருடம் ஆனது. ராமானுஜனின் நூற்றாண்டான 1987-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸும் ஃபிராங்க் கார்வனும் அதைக் கண்டுபிடித்து, மறு ஆண்டு வெளியிட்டார்கள். விதி இது: பிரிவினையில் 1 இல்லையென்றால், பெரிய குவியலின் அளவுதான் கிராங்க். 1-கள் இருந்தால் அவை எத்தனை என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையைவிடப் பெரிய குவியல்கள் எத்தனை என்றும் பாருங்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள்.

6-க்குப் போட்டுப் பார்க்கலாம். 6: கிராங்க் 6. 5 + 1: 1 ஒன்றே ஒன்று, அதைவிடப் பெரிய குவியலும் ஒன்று, 0. 4 + 2: 4. 4 + 1 + 1: 1-கள் இரண்டு, பெரியது ஒன்று, −1. 3 + 3: 3. 3 + 2 + 1: 1. 3 + 1 + 1 + 1: −3. 2 + 2 + 2: 2. 2 + 2 + 1 + 1: −2. 2-உம் நாலு 1-களும்: −4. ஆறு 1-கள்: −6. குறை எண்களுக்கு 11-ஐக் கூட்டினால் −1 பத்தாகும், −3 எட்டு, −2 ஒன்பது, −4 ஏழு, −6 ஐந்து.

இப்போது மொத்தத்தையும் அடுக்குங்கள்: 6, 0, 4, 10, 3, 1, 8, 2, 9, 7, 5. சைபரிலிருந்து பத்து வரை பதினொரு பெட்டி, பெட்டிக்கு ஒன்று.